‘இறக்கு’ என்கிற சொல்: நீள்வகுத்தல் பற்றிச் சில குறிப்புகள்

எங்கள் தெரு நூலகத்தின் மாடியில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஏழெட்டு வருடமாக நடக்கிறது. பெரும்பாலும் நாலாவது, ஐந்தாவது படிக்கிற பிள்ளைகள். அவர்களிடம் நான் கற்றுக்கொண்டதை அவ்வப்போது இங்கே குறித்து வைப்பது வழக்கம். இந்தக் குறிப்பை எழுத ரொம்ப நாள் தள்ளிப் போட்டேன். காரணம், இதில் தப்பு செய்தது நான்.

ஐந்தாவது படிக்கிற ஒரு பெண் பிள்ளை. பள்ளியில் அவளை ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்த்துத் தனி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுடைய வகுத்தல் தாளை வாங்கிப் பார்த்தேன். 612-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்ன கணக்கு. விடை 12 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. அதற்குக் கீழே 824-ஐ 8-ஆல் வகுத்து 13. அதற்கும் ஒரு பெருக்கல் குறி.

நான் உடனே எல்லா வாத்தியார்களும் செய்கிறதைச் செய்தேன். “பூஜ்ஜியம் போட மறந்துட்ட பாரு” என்றேன். “சரி சார்” என்று தலையாட்டினாள். அடுத்த கணக்கிலும் மறந்தாள். நான் மறுபடி சொன்னேன், அவள் மறுபடி தலையாட்டினாள். மூன்று வாரம் இப்படியே ஓடியது. கவனக்குறைவு என்று நானும் என் நோட்டில் எழுதி வைத்தேன்.

அவளுடைய அம்மா பூக்கட்டுகிறவர். ஆறு பெண்கள் சேர்ந்து கட்டுவார்கள். கடைக்காரர் மொத்தமாகக் கூலி கொடுப்பார். பிரித்துக்கொள்வது இவர்கள் பாடு. ஒரு நாள் பேச்சுவாக்கில் அந்தப் பணத்தைப் பிரிப்பது யார் என்று கேட்டேன். “நான் தான் சார்” என்றாள். சும்மா சோதித்துப் பார்க்கலாமே என்று, “612 ரூபாய் வந்தா ஆளுக்கு எவ்வளவு?” என்றேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. “ஆளுக்கு நூறு. அப்புறம் பன்னெண்டு இருக்கும்ல, ஆளுக்கு ரெண்டு. நூத்தி ரெண்டு.”

அவளுடைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். “இதுல பன்னெண்டுன்னு எழுதியிருக்கியே?”

தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அது காசு சார். இது கணக்கு.”

நான் சொல்லிக்கொடுத்ததன் லட்சணம் அந்த ஒரு பதிலில் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். ‘கவனக்குறைவு’ என்று நான் எழுதி வைத்த பிள்ளைகள் அவளுக்கு முன்னாலும் நிறையப் பேர் இருந்தார்கள்.

இது அவளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்கிற பிள்ளைகளை வைத்து டெரசினா நூன்ஸ் கர்ராஹெர், டேவிட் கர்ராஹெர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவர் செய்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது. ஐந்தே பிள்ளைகள் தான். வியாபாரத்தின் நடுவே கேட்டபோது 98 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது சரியான விடை 37 சதவீதத்துக்குச் சரிந்துவிட்டது. 2025-இல் ‘நேச்சர்’ இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையும் இதையே பெரிய அளவில் காட்டியது. அதில் இன்னொரு பக்கமும் உண்டு: பள்ளிக் கணக்கை ஓரளவு போடுகிற பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஆக, பாலம் இரண்டு பக்கமும் இல்லை.

பாலம் ஏன் அறுந்து கிடக்கிறது என்பதற்கு நம் வகுத்தல் பாடம் நல்ல உதாரணம். நாம் வகுப்பில் எப்படிப் பேசுகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். 734-ஐ 4-ஆல் வகுக்க வேண்டும். “ஏழுல நாலு எத்தனை தடவை போகும்? ஒரு தடவை. ஒன்னு எழுது. ஓர் நாலு நாலு. ஏழுல நாலு போனா மூணு. மூணுல நாலு போகாது. அடுத்த எண்ணை இறக்கு. முப்பத்து மூணு…” வகு, பெருக்கு, கழி, இறக்கு. நானும் இதைப் பாட்டு மாதிரி சொல்ல வைத்தவன் தான்.

இதில் எத்தனை பொய் இருக்கிறது என்று எண்ணுங்கள். அங்கே இருப்பது ஏழு கிடையாது, எழுநூறு. ‘ஒரு தடவை’ என்பது உண்மையில் நூறு. ‘மூணுல நாலு போகாது’ என்கிற மூணு, முந்நூறு. முந்நூறில் நாலு தாராளமாகப் போகும். கடைசியாக ‘இறக்கு’. எதை, எங்கிருந்து, எதற்காக? மேலே உட்கார்ந்திருந்த 3 திடீரென்று கீழே வந்து இன்னொரு 3-க்குப் பக்கத்தில் நின்று 33 ஆகிவிடுகிறது. பிள்ளைக்கு இது மாயாஜாலம். மாயாஜாலத்தில் ஒரு படி விட்டுப் போனால் அது விட்டுப் போனதே தெரியாது. பூஜ்ஜியம் காணாமல் போவது இங்கே தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வகுத்தலுக்கு இரண்டு அர்த்தம். 12 மாம்பழத்தை 4 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை என்பது ஒன்று. 12 மாம்பழத்தை நாலு நாலாகப் பையில் போட்டால் எத்தனை பை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை 3. ஆனால் கை செய்கிற வேலை வேறு. ‘எத்தனை தடவை போகும்’ என்பது இரண்டாவது அர்த்தத்தின் பேச்சு. நாம் தாளில் போடுகிற நீள்வகுத்தலோ, இடமிருந்து வலமாக ஒவ்வொரு இலக்கமாகப் போவது, முதல் அர்த்தத்தில் தான் இயல்பாகப் புரியும். வேலை ஒன்று, பேச்சு இன்னொன்று. மூன்றாம் வகுப்பில் பங்கு பிரித்துப் பழகிய பிள்ளை நாலாம் வகுப்பில் ஏன் மலங்க மலங்க விழிக்கிறது என்று ஆச்சரியப்படுகிறோம். (வகு என்ற சொல்லிலேயே பிரிப்பது இருக்கிறது. வகுப்பு, வகை எல்லாம் அந்தக் குடும்பம். மொழி சரியாகத்தான் இருக்கிறது, நாம் தான் விட்டுவிட்டோம்.)

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

பழைய காலண்டர் அட்டையை வெட்டி மூன்று வகை நோட்டு செய்தேன். சிவப்பு நூறு, நீலம் பத்து, வெள்ளை ஒன்று. நாலு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தர் நடுவில். இன்னொருத்தர் சில்லறை மாற்றித் தருகிற கடைக்காரர். நடுவில் இருப்பவரிடம் ஏழு சிவப்பு, மூன்று நீலம், நாலு வெள்ளை. அதாவது 734.

முதலில் நூறு நோட்டு. ஆளுக்கு ஒன்று கொடுத்தாயிற்று. நாலு போய்விட்டது, கையில் மூன்று. மூன்று நோட்டை நாலு பேருக்குக் கொடுக்க முடியாது. என்ன செய்வது? எந்தப் பிள்ளையும் இந்த இடத்தில் திகைத்ததில்லை. “சில்லறை மாத்தணும் சார்.” கடைக்காரரிடம் மூன்று நூறைக் கொடுத்தால் முப்பது பத்து வரும். ஏற்கெனவே கையில் மூன்று பத்து இருக்கிறது. மொத்தம் முப்பத்து மூன்று பத்து.

அந்த 33 எங்கிருந்து வந்தது என்பது இப்போது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ‘இறக்கு’ என்று நாம் சொல்வதன் பொருள் இவ்வளவுதான்: பெரிய நோட்டைச் சில்லறை மாற்றி, இருக்கிற சில்லறையோடு சேர். நான் ‘இறக்கு’ என்ற சொல்லையே ஆறு மாதத்துக்கு வகுப்பில் தடை செய்தேன். ‘மாத்திச் சேர்’ என்பது தான் எங்கள் பேச்சு.

முப்பத்து மூன்று பத்தை நாலு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு எட்டு. முப்பத்திரண்டு போயிற்று. ஒரு பத்து மீதி. அதை மாற்றினால் பத்து ஒன்று, கையில் இருக்கும் நாலோடு பதினாலு. ஆளுக்கு மூன்று, பன்னிரண்டு போயிற்று, இரண்டு மீதி. ஆளுக்கு 183, மீதி 2.

ஒரு பையன் கேட்டான்: “கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் ஒன்னாம் இடத்துல இருந்து தானே ஆரம்பிப்போம்? இது மட்டும் ஏன் தலைகீழா?” நல்ல கேள்வி. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களிடம் நான் கேட்கத் துணியாத கேள்வி. “ஒன்னுல இருந்தே ஆரம்பிச்சுப் பாரேன்” என்றேன். ஆரம்பித்தான். நாலு வெள்ளை, ஆளுக்கு ஒன்று. அடுத்து மூன்று பத்து, கொடுக்க முடியாது, மாற்றினால் முப்பது ஒன்று. ஆளுக்கு ஏழு, மீதி இரண்டு. அடுத்து ஏழு நூறு. ஆளுக்கு ஒன்று, மீதி மூன்று நூறு. மாற்றினால் முப்பது பத்து; ஆளுக்கு ஏழு, மீதி இரண்டு பத்து. அதை மாற்றினால் இருபது, ஏற்கெனவே மீந்த இரண்டோடு இருபத்திரண்டு. ஆளுக்கு ஐந்து, மீதி இரண்டு. ஆளுக்கு ஒரு நூறு, ஏழு பத்து, பதின்மூன்று ஒன்று. 183 தான், மீதி 2 தான்! விடை மாறவில்லை. ஆனால் ஒன்றாம் இடத்தில் மூன்று தடவை பங்கு போட வேண்டியிருந்தது. “இது லோல் சார், பெரிய நோட்டுல இருந்தே போகலாம்” என்று அவனே சொல்லிவிட்டான். இடமிருந்து வலம் என்பது சட்டமல்ல, வேலை மிச்சம். அதை அவன் நம்பியது நான் சொன்னதால் அல்ல, அலைந்து பார்த்ததால்.

இனி காணாமல் போன பூஜ்ஜியம். 612, ஆறு பேர். நூறு நோட்டு ஆளுக்கு ஒன்று. பத்து நோட்டு ஒன்று தான் இருக்கிறது. ஆறு பேருக்கும் பத்து நோட்டு கிடைக்கவில்லை. ‘யாருக்கும் கிடைக்கல’ என்பதைக் கணக்கில் எப்படி எழுதுவது? பூஜ்ஜியம். பிறகு அந்தப் பத்தை மாற்றிச் சேர்த்தால் பன்னிரண்டு, ஆளுக்கு இரண்டு. நூறு ஒன்று, பத்து இல்லை, ஒன்று இரண்டு. 102. பூஜ்ஜியம் மறக்காமல் போட வேண்டிய ஒரு சடங்காக இருந்தது, இப்போது நடந்ததைச் சொல்கிற ஒரு செய்தி.

இதற்குத் துணையாக எழுதுகிற முறையிலும் ஒன்றை மாற்றினேன். எங்கள் காலத்தில் வகுக்கும் எண்ணை இடப்பக்கமும், ஈவை வலப்பக்கமும் வளைவுக்கோடு போட்டு எழுதுவோம். வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அப்படி வலது பக்கம் எழுதினால் 1, பிறகு 2 என்று ஒட்டி எழுதும்போது நடுவில் ஓட்டை விழுந்ததே தெரியாது. ஈவைத் தலைக்கு மேலே, அந்தந்த இலக்கத்துக்கு நேர் மேலே எழுதினால் 612-இல் நடு 1-க்கு மேலே இடம் காலியாகக் கிடக்கும், கண்ணை உறுத்தும். இப்போது பல புத்தகங்களில் மேலே தான் எழுதுகிறார்கள். ஆனால் வீட்டில் சொல்லித்தருகிற அப்பாவோ தாத்தாவோ பழைய மாதிரி எழுதுவார்கள். பிள்ளை இரண்டையும் கலந்துவிடும். கட்டம் போட்ட நோட்டு கொடுத்தால் பாதிச் சண்டை தீரும்.

கணக்கைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டே தீர வேண்டும்: ஆளுக்கு நூறு கிடைக்குமா? 612-இல் ஆறு பேருக்கு நூறு நூறாகக் கொடுக்கலாம், அப்படியானால் விடை மூன்று இலக்கம். 12 என்று வந்தால் அங்கேயே இடிக்கும். இந்த ஒரு கேள்வியால் சிக்கிய தப்புகள் நிறைய.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் தடவை எனக்கு இது படுதோல்வி. முதல் வாரம் முழுக்க அட்டை விளையாட்டு, பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். இரண்டாவது வாரம் அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தாளைக் கொடுத்தேன். எல்லோரும் பழையபடி “ஏழுல நாலு” என்று ஆரம்பித்துவிட்டார்கள். பூஜ்ஜியமும் பழையபடி காணோம். அட்டை காசாகிவிட்டது, தாள் கணக்காகவே இருந்தது. அந்தப் பெண் சொன்னது தான் மறுபடியும்.

பிறகு புரிந்தது: இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். அதற்காகக் கூட்டத்தில் ஒரு பதவியை உண்டாக்கினேன், கணக்குப்பிள்ளை. நோட்டு கைமாறுகிற ஒவ்வொரு தடவையும் கணக்குப்பிள்ளை தாளில் எழுத வேண்டும். ஆளுக்கு எத்தனை என்பது மேலே. மொத்தம் எத்தனை போயிற்று என்பது கீழே. கையில் எத்தனை நிற்கிறது என்பது கோட்டுக்கு அடியில். எழுதி முடிக்கும் வரை அடுத்த நோட்டு நகரக் கூடாது. கணக்குப்பிள்ளை எழுதி முடித்ததைப் பார்த்தால் அது அப்படியே நீள்வகுத்தல்! புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்தாறு கணக்குக்கு ஒரு தடவை கணக்குப்பிள்ளை மாறுவார். சுமார் ஒரு மாதம் இப்படி. அப்புறம் அட்டை எடுக்கச் சோம்பல் பட்டு அவர்களாகவே தாளில் மட்டும் போட ஆரம்பித்தார்கள். அந்தச் சோம்பலுக்காகக் காத்திருக்க வேண்டும். நாமாக அட்டையைப் பிடுங்கினால் வேலைக்கு ஆகாது.

இன்னும் இரண்டு நடைமுறை விஷயம். ஒன்று வாய்ப்பாடு. வகுத்தல் என்ற பேரில் நாம் நடத்துவது வாய்ப்பாட்டுப் பரீட்சையாகிவிடக் கூடாது. தாளின் மூலையில் 4, 8, 12, 16 என்று 36 வரைக்கும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். காப்பி அடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று ஒரு அம்மா வருத்தப்பட்டார். எழுதி எழுதித்தான் மூவெட்டு இருபத்துநாலு மனதில் உட்காரும், கவலைப்படாதீங்க என்றேன். இரண்டாவது, கழித்தல். 1978-இல் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை ஆராய்ந்து, அவற்றில் பல ஏனோதானோ தப்பு அல்ல, ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருவது என்று காட்டினார்கள். மேலே சின்ன எண், கீழே பெரிய எண் என்றால் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிற பிள்ளை ஒவ்வொரு கணக்கிலும் அதையே செய்யும். வகுத்தலுக்குள் கழித்தல் ஒளிந்திருப்பதால் அந்தத் தப்பு வகுத்தல் தப்பாகத் தெரியும். அதனால் வகுத்தலில் தடுமாறுகிற பிள்ளைக்கு முதலில் நாலு கழித்தல் கணக்கு கொடுத்துப் பார்த்துவிடுவது என் பழக்கம்.

இப்போது ஒரு நியாயமான எதிர்க்கேள்வி. பூக்காரம்மாவின் மகள் தான் அவள் வழியிலேயே சரியாகப் போடுகிறாளே, ஆளுக்கு நூறு, அப்புறம் ஆளுக்கு இரண்டு என்று. அதையே எழுதப் பழக்கினால் போதாதா? போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நெதர்லாந்தில் பல வருடம் இப்படித்தான்: மொத்தத்திலிருந்து வசதியான துண்டுகளாகக் கழித்துக்கொண்டே போய் கடைசியில் துண்டுகளைக் கூட்டுவது. இங்கிலாந்திலும் இது பரவலாக இருந்தது. அமெரிக்காவில் ஸ்டீவன் லைன்வாண்ட் 1994-லேயே, கால்குலேட்டர் வந்த பிறகு கையால் போடுகிற இந்த வழிமுறைகளை விட்டுவிடலாம் என்று எழுதினார்.

நானும் நாலு மாதம் அதைச் செய்து பார்த்தேன். 612-க்கு அழகாக வரும். 5943-ஐ 7-ஆல் வகுக்கச் சொன்னேன். தேறின பிள்ளை 5600-ஐ ஒரே தடவையில் எடுத்து, மிச்சம் 343, அதில் 280, பிறகு 63 என்று மூன்று வரியில் முடித்தாள். 849. வாய்ப்பாடு சரியாக வராத பிள்ளை 700, 700, 700 என்று ஒரு பக்கம் முழுக்கக் கழித்தது. இன்னொன்று எழுபது எழுபதாக ஆரம்பித்து அழுதுவிட்டது. யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர்களுக்கே வேலை அதிகம். நெதர்லாந்து அனுபவமும் யோசிக்க வைக்கிறது. மரியன் ஹிக்கன்டார்ஃபும் சக ஆய்வாளர்களும் 2009-இல் எழுதியதன்படி, 1997-க்கும் 2004-க்கும் இடையில் அங்கே பழைய வழிமுறை குறைந்தபோது அந்த இடத்துக்குப் புது வழிமுறை முழுதாக வரவில்லை. எதையுமே எழுதாமல் விடையை மட்டும் போடுகிற பிள்ளைகள், குறிப்பாகப் பையன்கள், அதிகமானார்கள். அப்படிப் போட்டவை தப்பாவதும் அதிகமாக இருந்தது. இங்கிலாந்து 2014-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் ஆறாம் ஆண்டுக்கு முறையான நீள்வகுத்தலைத் திரும்பக் கொண்டுவந்தது. அங்கே பரீட்சையில் வேறு வழியில் போட்டு விடை தப்பானால் வழிக்கு மதிப்பெண் கிடையாது என்றும் வைத்தார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. ஆனாலும் சொல்லித்தரலாமா வேண்டாமா என்ற கேள்வியில் நான் சொல்லித்தர வேண்டும் என்கிற கட்சி தான்.

காரணம் கடை கண்ணி அல்ல. அதற்குக் கைப்பேசி இருக்கிறது. டேவிட் க்ளைன், ஜேம்ஸ் மில்கிராம் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள் நீள்வகுத்தலுக்காகவே வாதாடி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் சொல்வதில் எனக்குப் பிடித்தது தசமப் பகுதி. 734-இல் மிஞ்சிய 2 ரூபாயை நாலு பேருக்கு எப்படிக் கொடுப்பது? பைசாவாக மாற்று, ஆளுக்கு ஐம்பது பைசா, 183.50. ‘மாத்திச் சேர்’ ஒன்றாம் இடத்தோடு நிற்க வேண்டியதில்லை, புள்ளியைத் தாண்டியும் அதே விளையாட்டு போகும். 1-ஐ 7-ஆல் இப்படி வகுத்துக்கொண்டே போனால் மீதி வரிசையாக 3, 2, 6, 4, 5, 1 என்று வரும். 1 வந்ததும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். விடை 142857, 142857 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஏழால் வகுக்கும்போது முடியாமல் நீண்டால் மீதியாக வர முடிந்தது ஆறு எண்கள் தான், ஆகவே என்றைக்காவது திரும்பியே தீர வேண்டும். இதைக் கால்குலேட்டர் திரையில் பார்ப்பதும், தாளில் மீதி திரும்பி வருவதைக் கையும் களவுமாகப் பிடிப்பதும் ஒன்றாகுமா? எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் இதைப் பிடித்த அன்று மாடியே அதிர்ந்தது.

மீதி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கான தேசிய மதிப்பீட்டில் ஒரு கேள்வி. ஒரு பஸ்ஸில் 36 சிப்பாய்கள் போகலாம், 1128 பேர் போக வேண்டும், எத்தனை பஸ் வேண்டும்? சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 29 சதவீதம் பேர் ‘31 பஸ், மீதி 12’ என்று எழுதினார்கள். இன்னும் 18 சதவீதம் பேர் 31 என்றார்கள். 32 என்று சரியாகச் சொன்னவர்கள் 23 சதவீதம் தான். இதை என் பிள்ளைகளிடம் கேட்டபோது ஒருத்தி, “பன்னெண்டு பேரு ஸ்டாண்டிங் சார்” என்றாள். எங்கள் ஊர் பஸ்ஸில் வருகிறவளுக்கு அந்த விடை தப்பே இல்லை.

இரண்டு இலக்க எண்ணால் வகுப்பது தனிக்கதை, இங்கே சுருக்கமாக. 189-ஐ 27-ஆல் வகுக்க, “பதினெட்டுல ரெண்டு ஒம்போது தடவை” என்று பிள்ளை 9-இல் ஆரம்பிக்கும், 243 வரும், அழிக்கும், 8, 216, அழிக்கும், 7. தாள் கிழிந்துவிடும். 27-ஐ 30 என்று மேலே தூக்கி வைத்து யூகித்தால் 6 வரும். 27 ஆறு 162, மீதி 27. இன்னொரு தடவை கொடுக்கலாம், ஆக 7. தூக்கி யூகித்தால் விடை குறைவாக வரலாம், கூடிப் போகாது. குறைந்தால் அழிக்க வேண்டாம், கூட்டினால் போதும். இல்லாவிட்டால் ஓரத்தில் இரட்டித்துக்கொண்டே போகலாம்: 27, 54, 108, 216. 108-ம் 54-ம் 27-ம் சேர்ந்தால் 189, அதாவது நாலு, இரண்டு, ஒன்று, ஏழு. எகிப்தில் அஹ்மோஸ் என்ற எழுத்தர் மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் பாப்பிரஸில் எழுதி வைத்த வகுத்தல் இந்த மாதிரி இரட்டிப்பது தான்.

கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்கும் ஏசர் அறிக்கையில் மேல்படியாக வைத்திருப்பது மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கிற ஒரே ஒரு கணக்கு. 2018-இல் ஐந்தாம் வகுப்பில் அதைப் போட முடிந்தவர்கள் நாடு முழுக்கச் சுமார் 28 சதவீதம். 2022-இல் சுமார் 26. 14 முதல் 18 வயது வரையிலானவர்களை 2023-இல் கேட்டபோதும் 43 சதவீதம் தான். இந்த எண்களைப் பார்த்து ‘பாதிப் பேருக்கு மேல் வகுத்தல் தெரியவில்லை’ என்று தலைப்புப் போடுகிறார்கள். நான் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்வேன். ஏசர்காரர்கள் அவளிடம் தாளைக் கொடுத்திருந்தால் அவளும் அந்தப் பாதியில் தான் இருந்திருப்பாள், ஆறு பேர் கூலியைப் பைசா பிசகாமல் பிரித்துவிட்டு வந்தவள்.

அவள் இப்போது எப்படி? பழைய தாளில் இருந்த அந்த 824-ஐத் திரும்பக் கொடுத்தேன். அட்டை கேட்கவில்லை. 103 என்று எழுதினாள். நடுவில் இருந்த பூஜ்ஜியத்தைக் காட்டி, “இது என்னம்மா?” என்றேன்.

“பத்து நோட்டு ரெண்டு தான் சார் இருக்கு, எட்டு பேரு. யாருக்கும் கெடைக்கல. அதான் முட்டை.”

கழித்தலில் இன்னும் தடுமாறுகிறாள், அதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பள்ளியில் வரிசையை இன்னும் மாற்றவில்லை. அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் என்றார்களாம். போன வாரம் நாலு இலக்கம் வேண்டும் என்று கேட்டாள். ஆயிரத்துக்கு என்ன கலர் என்பதில் அவர்களுக்குள் சண்டை, மஞ்சள் ஜெயித்தது. காலண்டர் அட்டை தீர்ந்துவிட்டது, யார் வீட்டிலாவது கல்யாணப் பத்திரிகை மிச்சம் இருந்தால் கொடுத்து உதவுங்கள்.